எலிக்குப் பாடம் கற்பிப்பவர் யார்?

நெற்பயிர் தூர் கட்டி முடியும் தறுவாயில் வரப்போரங்களில் புதுமண் தள்ளப்பட்டிருப்பதைக் கண்டதும், குடியானவர் கடைக்குச் சென்று சிங்க் பாஸ்பைடு மருந்தை வாங்கி வருகிறார். பொரியிலோ நொய்யிலோ அதைக் கலந்து அன்று மாலையே வளைகளின் வாயில் வைக்கிறார். மறுநாட் காலையில் ஏழெட்டு எலிகள் செத்துக் கிடக்கின்றன. அவருக்கு மிகுந்த திருப்தி. பத்து நாள் கழித்துப் பார்த்தாலோ, தூர்கள் முன்போலவே கத்தரிக்கப்பட்டுக் கிடக்கின்றன. மறுபடியும் அதே மருந்து, அதே பொரி. இம்முறை வைத்தது வைத்தபடி இருக்கிறது. சில வளைகளில் மண்ணோடு வெளியே தள்ளப்பட்டும் கிடக்கிறது. உடனே, மருந்தில் கலப்படம் என்று கடைக்காரர்மீது ஒரு பழி. அதைச் சிபார்சு செய்த இலாகாவின்மீது ஒரு பழி. எஞ்சிய பழி எலியின் சூழ்ச்சிக்கு.

இம்மூன்றும் பெரும்பாலும் பொருந்தாத பழிகளே. மருந்து சுத்தமானதாகவே இருக்கலாம். எலியும் யோசித்துச் சூழ்ச்சி செய்யும் பிராணி அன்று. முதல் நாள் சாகாமல் தப்பிய எலிகளின் மூளையில் ஒரு பாடம் பதிந்துவிட்டது. அதைப் பதித்தவர், ஆயத்தம் ஏதுமின்றி அவசரமாக மருந்து வைத்த குடியானவரேயாவர். இப்படிச் சொல்வது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். ஆயினும், அந்தப் பாடம் எவ்விதம் பதிகிறது என்பதை அறிந்தவர் அடுத்த போகத்தில் மருந்துக்குச் செலவிடும் பணத்தை வீணாக்கமாட்டார்.

இத்தகைய பாடம் மனிதருக்கும் உண்டு. கலியாண விருந்தில் ஒருவர் முதன்முறையாக ஒரு புதிய பக்ஷணத்தைத் தின்கிறார். அன்றிரவே விஷக்காய்ச்சல் கண்டு வாந்தியெடுக்கிறார். வாந்திக்குக் காரணம் காய்ச்சலேயன்றிப் பக்ஷணம் அன்று என்று வைத்தியர் எடுத்துச் சொல்கிறார், அவரும் ஒப்புக்கொள்கிறார். அவர் ஒப்புக்கொண்டாலும் அவருடைய நாக்கு ஒப்புக்கொள்வதில்லை. பல வருஷங்களுக்குப் பின்னும் அந்தப் பக்ஷணத்தின் வாசனை பட்டமாத்திரத்தில் குமட்டுகிறது. புத்தியைக் கேளாமலே, ஒரே அநுபவத்தில் நிலைத்துவிடும் இவ்வெறுப்புக்குச் சுவை வெறுப்பு என்று பெயர்.

இதைச் சோதனை முறையில் தெளிவாக நிரூபித்தவர் ஜான் கார்ஸியா என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவர் 1917-இல் காலிபோர்னியாவில், ஸ்பெயின் தேசத்திலிருந்து பிழைக்க வந்து பண்ணைக் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். ஸான்பிரான்ஸிஸ்கோவிலுள்ள அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிச் சாலையொன்றில், கதிர்வீச்சினால் எலிகளுக்கு நேரும் விளைவுகளை அவர் கவனித்து வந்தார். கதிர்வீச்சு அறையில் வைத்த தண்ணீரை எலிகள் வரவரக் குறைவாகக் குடித்தன. தங்கள் சொந்தக் கூண்டிலோ வழக்கம்போல் குடித்தன. அறையிலிருந்த குப்பி பிளாஸ்டிக்கினாலானது என்பதும், தண்ணீரில் அதன் ருசி இலேசாக இறங்கியிருந்தது என்பதும் பிறகே கவனத்துக்கு வந்தன. கதிர்வீச்சினால் நேர்ந்த குமட்டலுக்கு அந்த ருசியே காரணம் என்று எலிகள் கொண்டுவிட்டன! 1955-இல் அவரும் அவருடைய சகாக்களும் ஸாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொண்டு இதை நேராகவே பரீட்சித்து வெளியிட்டார்கள். இனிப்பில் மிக்க பிரியமுள்ள எலி, ஒரே தடவை ஏற்பட்ட அசௌக்கியத்துக்குப் பின் அதைத் தொட மறுத்தது.

அக்காலத்து மனோதத்துவ நூலோர் இதை எளிதில் நம்பவில்லை. ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டிய வழியில், மணியோசைக்கும் உணவுக்கும் இடையே சில விநாடிகளுக்கு மேல் சென்றால் பிராணி இரண்டையும் இணைத்துக் கற்பதில்லை என்பதும், எதை எதனோடும் இணைத்துக் கற்பிக்கலாம் என்பதும் அவர்களுடைய கொள்கை. கார்ஸியாவின் எலிகளோ, தின்று ஒரு மணிக்கு மேல் சென்ற பிறகு வந்த குமட்டலையும் தின்ற பொருளோடு சேர்த்தே நினைவில் வைத்தன. பல மணி நேரம் சென்றாலும் அவ்வாறே நிகழ்கிறது என்று பின்வந்தவர்கள் கண்டார்கள். அவருடைய கட்டுரைகளைப் பெயர் பெற்ற பத்திரிகைகள் திருப்பியனுப்பியதுண்டு. தின்றது ஜீரணமாகி விஷம் உடம்பில் ஏற நேரம் பிடிக்கும் என்பதை மாட்டுக்கொட்டகையில் வளர்ந்தவர் எவரும் அறிவர். பண்டிதர்களுக்குத்தான் அது விளங்கக் காலம் பிடித்தது.

1966-இல் அவரும் கோலிங் என்பவரும் செய்த பரீட்சை ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியது அவசியம். வயலில் நடப்பது முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. எலி தண்ணீரை நக்கும்போதெல்லாம் அதற்கு மூன்று அநுபவங்கள் ஒருங்கே ஏற்பட்டன: நாவில் ஒரு ருசி, கண்முன் ஒரு விளக்கொளி, காதில் ஒரு சொடக்கொலி. அதன் பின் சில எலிகளுக்குக் காலில் மின்சார அதிர்ச்சி தரப்பட்டது. வேறு சிலவற்றுக்குக் குமட்டல் உண்டாக்கப்பட்டது. பிறகு ருசியைத் தனியாகவும், ஒளியொலிகளைத் தனியாகவும் காட்டினார்கள். குமட்டல் கண்ட எலிகள் ருசியுள்ள தண்ணீரை வெறுத்தன. ஒளியையும் ஒலியையும் பொருட்படுத்தவே இல்லை. அதிர்ச்சி கண்ட எலிகளோ ஒளிக்கும் ஒலிக்கும் அஞ்சின. ருசியுள்ள தண்ணீரைத் தயக்கமின்றிக் குடித்தன.

எலியின் மூளையில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருப்பதாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். வயிற்றுக்கு நேர்ந்த கேடெல்லாம் நாவின் பேரில் பற்றெழுதப்படுகிறது. தோலுக்கு நேர்ந்த நோவெல்லாம் கண், காது இவற்றின் பேரிலும், நோவு நேர்ந்த இடத்தின் பேரிலும் எழுதப்படுகிறது. ஒன்றின் வரவு மற்றதில் ஏறுவது அரிது. ஆகவேதான் மருந்து தின்று தப்பிய எலி அந்த வயலுக்கு அஞ்சி ஓடுவதில்லை. அதே வளையில் இருந்துகொண்டு, மருந்தை விலக்கிப் பயிரை மாத்திரம் கத்தரிக்கிறது.

இவ்விரண்டு கணக்கும் மூளையில் எழுதப்படும் வழியும் இப்பொழுது ஓரளவு தெரிந்திருக்கிறது. நாவிலிருந்து ருசியைத் தெரிவிக்கும் நரம்புகளும், வயிற்றிலிருந்து குமட்டலைத் தெரிவிக்கும் நரம்பும் மூளையின் அடித்தண்டில் வந்து சேருகின்றன. இரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறதா என்று நேரே சோதிக்கும் ஓரிடமும் அங்கேயே உண்டு. இச்செய்திகள் ஒன்றுகூடி மேலே சென்று, ருசியை அறியும் மேல்மூளைப் பகுதியிலும், பாதாம் பருப்பின் வடிவமுள்ள ‘அமிக்டலா’ என்ற சிறு பகுதியிலும் பதிகின்றன. அச்சத்தின் கணக்குக்கும் அமிக்டலாவே முக்கிய ஸ்தானம். கண், காது இவற்றின் செய்தியும் நோவின் செய்தியும் அங்கேதான் கூடுகின்றன. எலிக்கு வாந்தியெடுக்கும் சக்தி கிடையாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நாயும் பூனையும் தின்ற விஷத்தைக் கக்கித் தப்பலாம். எலிக்கு அவ்வழி அடைபட்டிருப்பதால், புதிய பண்டம் எதையும் முதலில் கொஞ்சமே கடித்துப் பார்ப்பதும், வயிறு கெட்டால் அந்த ருசியை மறவாதிருப்பதுமே அதற்குக் காப்பு.

இனி மருந்தின் குணத்தைப் பார்க்கலாம். சிங்க் பாஸ்பைடு வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற விஷ வாயுவை உண்டாக்குகிறது. வேண்டிய அளவு தின்ற எலி அன்றிரவே இறந்துபோகும். கொஞ்சமே தின்ற எலிக்கோ சிறிது நேரத்தில் வயிற்றில் வேதனை கண்டு, பிறகு தெளிந்துவிடும். தின்ற உடனே வேதனை. வேதனை கண்டும் உயிர் போகவில்லை. பாடம் பதிவதற்கு இதைவிடத் தக்க ஏற்பாட்டை வேண்டுமென்று முயன்றாலும் செய்துவிட முடியாது. ராஜஸ்தானத்தில் வெள்ளெலிகளின்மீது நடத்தி 1971-இல் வெளியிடப்பட்ட சோதனைகளும் மருந்து தின்று தப்பிய எலிகளின் இவ்வெறுப்பை விவரிக்கின்றன. தஞ்சை முதலிய நெல் வெளிகளில் பெருஞ்சேதம் விளைக்கும் கரம்பை எலியின் நடத்தையும் வேறல்ல.

ஆகவே, மருந்து வைக்கும் நாளுக்கு முன் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத வெறும் இரையை வைக்க வேண்டும் என்று இலாகா சொல்லி வருவதை, வீண் சடங்கென்று ஒதுக்குவது பெரும் பிழை. முதல் நாள் எலி அந்தப் பொரியைச் சந்தேகத்தோடு கடிக்கிறது. தீங்கில்லை என்று கண்டதும் இரண்டாம் நாள் அதிகம் தின்கிறது. மூன்றாம் நாள் வயிறாரத் தின்கிறது. நான்காம் நாள் மருந்து கலந்ததையும் அப்படியே தின்றுவிடும். இதில் வேறொரு நன்மையும் உண்டு. வயிறு கெட்டால் எலி முதலில் குற்றம் சாட்டுவது புதிய ருசியையே. பழகிய பண்டத்தின்மீது அவ்வளவு எளிதில் சந்தேகம் விழுவதில்லை. இதுவும் சோதனைகளால் ஸ்தாபிக்கப்பட்ட உண்மை.

வெறும் இரைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டால், மறுநாள் திறந்திருப்பவையே எலி குடியிருக்கும் வளைகள். அவ்வாறான வளைகள் 50 இருப்பதாகவும், வளைக்கு 10 கிராம் வீதம் மூன்று நாள் இரை வைப்பதாகவும் கொண்டால், மொத்தம் ஒன்றரைக் கிலோ நொய்யே செலவு. இந்த ஒன்றரைக் கிலோவை மிச்சம் பிடிப்பதற்காக மருந்தின் விலையையும் பயிரையும் சேர்த்து இழப்பதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லார். மருந்து கலக்கும் அளவிலும் இதே லோபம் காணப்படுகிறது. நொய் 96 பங்கு, கடலை எண்ணெய் 2 பங்கு, மருந்து 2 பங்கு என்பது விதி. மருந்தைப் பாதியாகக் குறைத்தால் எலிகளும் பாதியாகச் சாகும் என்று எண்ணுவது தவறு. தப்பி, பாடம் கற்ற எலிகளே மிகுதியாகும். அளவைக் கூட்டுவதும் நன்றன்று. வாடை மிகுந்து, எலி வாய் வைக்காமலே விலகிவிடும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இவ்விடத்தில்தான் வருகிறது. எலித்தொல்லை என்று யார் வந்து முறையிட்டாலும் அவர் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தனுப்பிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வது சில இடங்களில் வழக்கமாயிருக்கிறது. இன்று ஒருவர், அடுத்த வாரம் அண்டை நிலத்தவர், அதற்கடுத்த வாரம் வாய்க்காலுக்கு அப்பாலுள்ளவர் என்று தனித்தனியே மருந்து வைத்தால், கிராமத்து எலிகளுக்கெல்லாம் படிப்படியாகப் பள்ளிக்கூடம் நடத்தியதாகவே முடியும். வரப்பு எலிக்கு எல்லையன்று. ஒருவர் நிலத்தில் பாடம் கற்ற எலி அடுத்தவர் நிலத்திலும் மருந்தைத் தொடாது. அவர் வெறும் இரையை முறைப்படி வைத்திருந்தாலும் அதன் பயன் குறைந்துபோகும். முறை தவறி மருந்து வைப்பவர் தமக்கு மாத்திரமின்றி அண்டை நிலத்தவருக்கும் நஷ்டம் விளைக்கிறார் என்பதைக் கூட்டங்களில் தயக்கமின்றி எடுத்துச் சொல்லவேண்டும். பொட்டலம் வழங்குவதைவிட, ஓர் ஆயக்கட்டு முழுவதற்கும் வளை அடைக்கும் நாள், வெறும் இரை வைக்கும் நாட்கள், மருந்து வைக்கும் நாள் ஆகியவற்றைக் குறித்துத் தண்டோரா போடுவதே அதிகாரிகள் செய்யத்தக்க பெரிய உதவி. பயிர் பொதி கட்டுவதற்கு முன் இது நடந்து முடியவேண்டும். கதிர் வந்த பின் எலிக்கு வேறு இரை வேண்டியிராது. அப்பொழுதுதான் குட்டியும் பெருகும். கர்ப்பம் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். ஓர் ஈற்றுக்கு ஆறு ஏழு குட்டிகள் சாதாரணம்.

மருந்து வைத்த மறுநாள் எஞ்சியதை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும். சிங்க் பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தைகளும் நாயும் கோழியும் நடமாடும் இடத்தில் அதை வைப்பது எவ்விதத்திலும் தகாது. கலப்பதற்குக் கையை உபயோகிக்காமல் கோலையே உபயோகிக்க வேண்டும்.

எலிகள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை செய்துகொள்ளும் என்று பலர் நம்புகின்றனர். எலிக்குக் காது கேட்டுவிடும் என்று, மருந்து வைக்கும் பேச்சைக் குரல் தாழ்த்திப் பேசும் பெரியவர்களும் உண்டு. கனடா தேசத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் கேலெஃப் என்பவர் இதைப் பரீட்சித்துப் பார்த்தார். ஓர் எலியின் மூச்சில் வீசும் உணவு வாசனையை முகர்ந்த வேறோர் எலி, பின்னர் அந்த உணவையே விரும்பித் தின்றது. தின்ற எலி நோயுற்றிருந்தபோதிலும், முகர்ந்த எலி அந்த உணவை வெறுக்கவில்லை. அந்தச் சோதனைகளின்படி, செத்த எலியும் நோயுற்ற எலியும் மற்றவற்றுக்கு எச்சரிக்கை ஆவதில்லை. ஆனால் குட்டிகள் பெரிய எலிகள் தின்னும் பண்டத்தையே, அவை தின்னும் இடத்திலேயே தின்னப் பழகுகின்றன. தாய் விலக்கும் இரையைக் குட்டி தேடிப் போவதில்லை. ஆகையால், ஒரு தாயெலி கற்ற பாடம் அதன் குட்டிகளிடத்திலும் விளங்குகிறது.

தப்பிய எலிகளுக்கு மறுபடியும் அதே மருந்தை வைப்பதில் பயனில்லை என்பது மேலே கூறியவற்றிலிருந்து விளங்கும். அவற்றுக்குரியது உடனே வேதனை தராத மருந்து. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில், கெட்டுப்போன கிளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறப்பதற்குக் காரணம் தேடிய லிங்க் என்பவரின் ஆராய்ச்சியிலிருந்து ‘வார்ஃபரின்’ பிறந்தது. இவ்வகை மருந்து தின்ற எலிக்குச் சில நாள்வரை யாதொரு வேதனையும் தெரிவதில்லை. வேதனை கண்டபோது எந்தப் பண்டத்தைக் குற்றம் சாட்டுவதென்று அதன் மூளைக்குப் புலப்படுவதில்லை. இப்பொழுது வயல்களுக்குச் சிபார்சு செய்யப்படும் புரோமாடியோலோன் 0.005 சதவீத இரையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் இதிலும் எல்லை கடந்த நம்பிக்கை கூடாது. வார்ஃபரினால் சாகாத எலிகள் 1958-இல் ஸ்காட்லாந்தில் காணப்பட்டன. அது மூளை கற்ற பாடமன்று, பரம்பரையாக வரும் உடற்குணம். அதை வெறும் இரை வைத்து மாற்றிவிட முடியாது. வளை வெட்டி எலி பிடிப்பதில் கைதேர்ந்த இருளர்களை அமர்த்துவதும், தஞ்சாவூர்க் கிட்டிகளை நெருக்கமாக வைப்பதும் இன்னும் மதிப்பிழந்த முறைகளல்ல. வளையோடு பிடிபட்ட எலி எதையும் கற்றுக்கொள்வதற்கு இல்லை.

இது நிற்க, மேலே குறித்த மற்றொரு கணக்காகிய அச்சம், குடியானவர் வீட்டுக் கொட்டகையிலும் எழுதப்படுகிறது. எலியின் விஷயத்தில் பாடம் கற்பிக்காமலிருப்பதற்குச் சாமர்த்தியம் வேண்டும். மாட்டின் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை போதும். பசு தன்னை அடித்தவரையும் அடிபட்ட இடத்தையும் மறப்பதில்லை. பால் சுரந்து இறங்குவதற்கு மூளையிலிருந்து ஒரு சுரப்பு நீர் இரத்தத்தில் கலந்து மடிக்கு வரவேண்டும். அச்சம் அதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் ஈலி, பீட்டர்ஸன் என்ற இருவர் கறவைக்குமுன் பசுவின் முதுகில் பூனையை வைத்தும் காகிதப் பைகளை ஊதி உடைத்தும் பசுவை மிரட்டி, பால் இறங்காமற்போவதை 1941-இல் காட்டினர். 1999-இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், பசுக்களிடம் முரட்டுத்தனமாய் நடந்துகொண்ட ஆள் கறவையின்போது வெறுமனே அருகில் நின்றபோதே, மடியில் கறவாமல் தங்கிய பாலின் அளவு 70 சதவீதம் அதிகமாயிற்று. அவர் அப்பொழுது கையை ஓங்கவும் இல்லை. பால் குறைந்தது கண்டு தீவனத்தையும் பருத்திக்கொட்டையையும் மாற்றிப் பார்க்கும் குடியானவர், கறப்பவரை ஒருமுறை மாற்றிப் பார்ப்பதும் நல்லது.

அச்சம் ஒருமுறை பதிந்தால் அழிவதில்லை. நல்ல நடத்தையால் நாளடைவில் அது தணிகிறது. ஆனால் பழைய ஏடு கிழிக்கப்படுவதில்லை. அதன்மேல் ஒரு புதிய ஏடு ஒட்டப்படுகிறது, அவ்வளவே. பழைய இடத்தில் பழைய ஓசை கேட்டவுடன் அது மீண்டும் வெளிப்படக்கூடும். கோமாரித் தடுப்பூசி முகாம்களில் இதைக் கவனிப்பது மிக எளிது. வேலை குறைவென்று கறக்கும் கொட்டகையிலேயே, கறக்கும் முளையிலேயே பசுவைக் கட்டி, கறப்பவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லி ஊசி போடுவது பல கிராமங்களில் நடக்கிறது. அந்த ஊசியின் நோவு, பசுவின் கணக்கில் அந்த முளையின் பேரிலும் அந்த ஆளின் பேரிலும் ஏறிவிடும். முகாமுக்கு இடம் ஏற்பாடு செய்யும் கிராம அதிகாரிகள், கொட்டகைகளுக்குத் தொலைவில், சந்தைத் திடலிலோ ஏரிக்கரையிலோ ஒரு மரக்கட்டு அமைத்து, மாடுகளை அங்கே ஓட்டிவரச் செய்யலாம். பிடிப்பதற்கும் கறப்பவரல்லாத வேறு ஆளையே அமர்த்தவேண்டும்.